குடியிருக்கும் வீட்டில் சுவர் வெட்டணுமா? தூசிக்கு எந்த வழி சரி?

போன மாசியில் மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டுக்கு ஏசி பாயிண்ட் போடப் போயிருந்தேன். வீட்டம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "தம்பி, போன தடவை ஒருத்தர் வந்து சுவத்தை வெட்டினாரு. பூட்டி வச்ச பீரோவுக்குள்ள பட்டுப்புடவை மேல வெள்ளையா படிஞ்சு கிடந்துச்சு. பத்து நாளைக்கு அரிசி களையும்போதெல்லாம் மண்ணு. இந்தத் தடவையும் அப்படித்தான்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு ஏசியே வேண்டாம்."

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. பதினேழு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அதே மாதிரி சில வீடுகளை நானும் பாழ் பண்ணியிருக்கிறேன். புது வீடு என்றால் வெட்டிப்போட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கதவு ஜன்னல் கூட மாட்டியிருக்க மாட்டார்கள், பின்னால் கொத்தனார் வருவார், பெயிண்டர் வருவார். ஆள் குடியிருக்கும் வீட்டில் அது நடக்காது. அங்கே மெத்தை இருக்கிறது, சாமி படம் இருக்கிறது, இந்த கே.கே. நகர் வீட்டில் வீசிங் உள்ள ஒரு தாத்தாவும் இருந்தார்.

வேலை இதுதான்: இரண்டு படுக்கையறைக்கு ஏசி பாயிண்ட், சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு பவர் பாயிண்ட். டேப் வைத்துப் பார்த்தால் வெட்ட வேண்டிய நீளம் ஏறக்குறைய பத்து மீட்டர். இந்தப் பத்து மீட்டரை வைத்தே ஒவ்வொரு வழியையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன். கணக்குப் போட வசதியாக இருக்கும்.

எவ்வளவு தூள் வரும்?

20 மிமீ பைப் உள்ளே உட்கார்ந்து அதன் மேல் கொஞ்சம் பூச்சும் நிற்க வேண்டுமானால், குரூவ் (பைப் உட்காரச் சுவரில் வெட்டும் பள்ளம்) 25 மிமீ அகலமும் 30 மிமீ ஆழமும் வேண்டும். பத்து மீட்டருக்கு அது ஏழரை லிட்டர். செங்கல், பூச்சு எல்லாம் சேர்த்து எடை போட்டால் சுமார் 13 கிலோ.

இந்த 13 கிலோவும் தூசியாகப் பறப்பதில்லை. நாம் செய்வது இரண்டு பக்கமும் பிளேடால் கோடு போட்டுவிட்டு, நடுவில் நிற்பதை உளியால் தட்டி எடுப்பது. வைர பிளேடின் தடிமன் சுமார் 2 மிமீ. இரண்டு கோடு, 30 மிமீ ஆழம், பத்து மீட்டர் என்று பெருக்கினால் 1.2 லிட்டர், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பிளேடு மாவாக்குவது அவ்வளவுதான். மற்ற 11 கிலோ கட்டியாகக் காலடியில் விழும், சாக்கில் அள்ளிக்கொள்ளலாம். தலைவலி அந்த இரண்டு கிலோவில்தான்.

அந்த இரண்டு கிலோவிலும் கண்ணுக்குத் தெரிகிற தூள் பெரிய எதிரி இல்லை. அது விழுந்துவிடும், துடைத்து எடுத்துவிடலாம். தெரியாததுதான் பிரச்சினை. காற்றே அசையாத அறையில், 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள மணல் துகள் ஒன்பதடி உயரத்திலிருந்து தரைக்கு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம். நாம் வேலையை முடித்து, கூட்டி, காபி குடித்து, வீட்டுக்குப் போய்த் தூங்கும்போதுகூட அது அங்கே மிதந்துகொண்டிருக்கும். அந்த அம்மா சொன்ன பூட்டிய பீரோவுக்குள் தூசி எப்படிப் போனது என்பதற்கு இதுதான் பதில். கதவு இடுக்கு அரை மிமீ இருந்தாலும் இந்தத் துகளுக்கு அது கோயில் கோபுர வாசல்.

உடம்புக்குக் கெடுதலும் இதுதான். ஆற்றுமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். எம்-சாண்டும் கருங்கல்லை உடைத்து வருவதுதான், அதிலும் குவார்ட்ஸ் உண்டு. வெட்டும்போது அது சிலிக்கா தூசியாகி நுரையீரலின் அடிவரைக்கும் போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் தொழிலாளி சுவாசிக்கக் கூடாது என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பதடி உயரம் என்றால் உள்ளே சுமார் 30 கனமீட்டர் காற்று. அந்த அறை முழுவதும் வரம்பைத் தொட ஒன்றரை மில்லிகிராம் நுண்சிலிக்கா போதும். ஓர் அரிசி மணியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் கிளப்புவதோ இரண்டு கிலோ தூள். வீட்டுக்காரர் ஒரு நாள் சுவாசிக்கிறார். நானும் என் ஹெல்பரும் வருடம் முழுக்கச் சுவாசிக்கிறோம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இது எவ்வளவு தூளை உண்டாக்குகிறது? உண்டானதில் எவ்வளவைப் பிடிக்கிறது? கடைக்காரர் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசுவார். முதல் கேள்விதான் பெரியது என்பது என் கட்சி.

வெட்டாமலே முடியுமா என்று முதலில் பாருங்கள்

முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பழைய பைப்பில் இடம் இருந்தால் ஸ்பிரிங் விட்டுப் புது ஒயர் இழுத்துவிடலாம். லாஃப்ட் ஓரம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல், கதவு நிலையை ஒட்டி என்று பிவிசி கேசிங் கேப்பிங் (சுவர் மேல் ஒட்டி ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓடவிடலாம். கேசிங் என்றாலே "அசிங்கமா இருக்கும்" என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம். சுவரோடு சேர்த்து அதே பெயிண்ட் அடித்துவிட்டால் ஒரு வாரத்துக்கு அப்புறம் யாரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை. ஏற்கெனவே ஒயர் நெருக்கியடித்துக் கிடக்கிற பைப்பில் ஏசிக்கான 4 சதுர மிமீ ஒயரையும் திணிப்பது மட்டும் கூடாது. சூடேறும், இழுக்கும்போது இன்சுலேஷனும் உரியும்.

அந்த வீட்டில் சமையலறை பாயிண்ட்டை இப்படித்தான் முடித்தேன். லாஃப்ட்டுக்குக் கீழே கேசிங், அங்கிருந்து அலமாரியின் பின்பக்கமாக இறக்கம். வெட்டு பத்து மீட்டரிலிருந்து ஏழாகக் குறைந்தது. தூசியும் அதே கணக்கில் குறைந்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். குரூவை ஆழமாக வெட்ட வெட்டத் தூசி கூடும், சுவரும் பலம் இழக்கும். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1905, பாரம் தாங்கும் சுவரில் மேலிருந்து கீழாகப் போகும் நேர்வெட்டு சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கைவெட்டு ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒன்று என்பது முக்கால் அங்குலம். பைப்பே அதில் மறையாது. ஆகவே நாலரைச் சுவரில் படுக்கை வாட்டில் வெட்டச் சொன்னால் நான் முடியாது என்றுதான் சொல்வேன். பில்லர், பீம் பக்கம் பிளேடைக் கொண்டுபோகவே கூடாது.

தண்ணீர் விட்டு வெட்டுவது

எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். "தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டுப்பா, தூசி பறக்காது." தூசி அடங்கும் என்பது உண்மை. பிளேடு வெட்டுகிற இடத்திலேயே தண்ணீர் தொடர்ந்து விழுந்தால் தூள் காற்றில் ஏறாமல் சேறாக வழிந்துவிடும். கிரானைட் கடையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் அங்கே கல் படுத்திருக்கிறது, இங்கே சுவர் நிற்கிறது. சேறு சுவர் வழியாக இறங்கி பெயிண்ட்டில் கோடு கோடாகக் கறை வைக்கும். ஸ்கர்ட்டிங்கில் தேங்கும். கீழே இருக்கும் பழைய சுவிட்ச் பாக்ஸுக்குள் போகும். சேறு காய்வதற்குள் துடைக்காவிட்டால் மறுநாள் அது திரும்பவும் தூசி. பாத்ரூமில் கழுவி ஊற்றினாலோ தரை வடிகால் வாயில் இருக்கும் நானி டிராப்பில் போய் இறுகிக்கொள்ளும். அப்புறம் பிளம்பருக்குத் தனிச் செலவு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கரண்டில் ஓடுகிற கை மெஷினும் தண்ணீரும் ஒன்றாக இருப்பதைத்தான் பொறுக்க முடியாது. மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டை இன்சுலேஷன் முத்திரை இருந்தாலும், அதற்குத் தண்ணீர் படலாம் என்று அர்த்தமில்லை. நம் வீடுகளில் பல இடங்களில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத்தரையில்தான் கிடக்கிறது. கட்டாயம் தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்றால் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக மட்டும் கரண்ட் எடுங்கள், தண்ணீர்க்குழாய் வசதியோடு கம்பெனியே செய்து தந்த மெஷினை மட்டும் பயன்படுத்துங்கள்.

முந்தின நாள் சுவரை நனைத்து வைத்தால் போதும் என்பார்கள். செங்கல் தண்ணீரைக் குடிக்கும், மேல் பூச்சு கொஞ்சம் அடங்கும். ஆனால் பிளேடு பூச்சைத் தாண்டியதும் உள்ளே காய்ந்த செங்கல்தான். ஹெல்பர் பக்கத்தில் நின்று ஸ்ப்ரே பாட்டிலில் தெளிப்பதும் இதே ரகம். வெளிப் பால்கனிச் சுவருக்கும், டைல்ஸ் போடாத தரைக்கும் தண்ணீர் சரி. மெத்தை கிடக்கிற அறைக்கு என் ஓட்டு இல்லை.

வீட்டு வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் பிடிப்பது

இது நான் செய்த முட்டாள்தனம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு டாக்டர் வீட்டில் வேலை. அவர்கள் வீட்டு வாக்குவம் கிளீனரையே வாங்கி, ஹெல்பர் தம்பியிடம் குழாயைக் கொடுத்து, "கட்டர் பக்கத்துலயே பிடிச்சுக்கிட்டு வா" என்றேன். முதல் ஒரு மீட்டர் பிரமாதமாக இருந்தது. அப்புறம் பார்த்தால் வாக்குவத்தின் பின்பக்கக் கிரில்லிலிருந்து மெல்லிசாக, ஊதுபத்திப் புகை மாதிரி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. பை பெரிய துகளைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியை மறுபக்கம் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சுவர் ஓரத்தில் கிடக்க வேண்டிய தூசியை அறையின் நடுவில், இடுப்பு உயரத்தில் விசிறியடித்திருக்கிறோம். நாலாவது மீட்டரில் பை அடைத்து, மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறி, கருகல் வாடை வந்தது. புது வாக்குவம் வாங்கிக் கொடுத்தேன். அந்த வேலையில் எனக்குக் கையில் நின்றது பஸ் காசு.

பை அடைக்காமல் இருந்திருந்தாலும் பெரிய பலன் கிடைத்திருக்காது. நாலு அங்குல பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தெறிக்கிற தூளை அரையடி தள்ளிப் பிடித்த குழாய் எட்டிப் பிடிக்காது. பிளேடை மூடிய ஓர் உறை வேண்டும். தூள் வெளியே தெறிப்பதற்கு முன்னாலேயே அதற்குள்ளிருந்து இழுத்துவிட வேண்டும்.

இரட்டை பிளேடு மெஷினும் அதற்கேற்ற வாக்குவமும்

அந்த உறையோடு வருவதுதான் வால் சேசர். இரண்டு பிளேடு, நடுவில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற வளையங்கள், மேலே மூடிய உறை, உறையிலிருந்து வாக்குவத்துக்கு ஒரு வாய். ஆழத்தை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம், கோடு நேராக வரும், ஒரே இழுப்பில் இரண்டு பக்கமும் வெட்டிவிடும். 125 மிமீ, 150 மிமீ பிளேடு அளவுகளில் மகிடா, பாஷ் போன்ற கம்பெனிகள் விற்கின்றன. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற தனி உறையும் கிடைக்கிறது, விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு கோடாக இரண்டு தடவை போக வேண்டும்.

மெஷின் பாதிதான், மற்ற பாதி வாக்குவம். ஐரோப்பாவில் தூசி வாக்குவத்தை எல், எம், எச் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எல் வகுப்பு 99 சதவீதத் தூசியைப் பிடிக்க வேண்டும், எம் 99.9 சதவீதம், எச் 99.995 சதவீதம். சிமெண்ட், செங்கல் தூசிக்குக் குறைந்தது எம் வகுப்பு வேண்டும் என்று பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. 99க்கும் 99.9க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இரண்டு கிலோ தூளில் ஒரு சதவீதம் 20 கிராம், அதில் பத்தில் ஒன்று 2 கிராம். ஒன்றரை மில்லிகிராம் கணக்கை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வித்தியாசம் புரியும்.

வாட்ஸைப் பார்த்து வாக்குவம் வாங்காதீர்கள், காற்றோட்டத்தைப் பாருங்கள். உறை மாட்டிய கிரைண்டருக்கு ஓஷா சொல்கிற அளவு, பிளேடு விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி. ஐந்து அங்குல பிளேடு என்றால் 125 கன அடி. அத்தோடு ஃபில்டர் தானாகத் தட்டி உதிர்த்துக்கொள்கிற வசதி வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி வெட்ட வேண்டியிருக்கும். வாக்குவத்துக்கு முன்னால் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கிற ஒரு சைக்ளோன் டப்பா வைத்தால் பெரும்பகுதித் தூள் அதிலேயே இறங்கிவிடும், ஃபில்டரும் பிழைக்கும். அது செலவுக்குத் தகுந்த சாமான்.

இது எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறை சுவரோடு ஒட்டி ஓடினால்தான் இழுக்கும். நம் ஊர்ப் பூச்சு பல இடங்களில் அலை அலையாக இருக்கிறது. மேடு பள்ளத்தில் உறை தூக்கிக்கொண்டால் அந்த இடுக்கில் தூசி பீறிடும். பிளேடை உள்ளே இறக்கும்போதும் வெளியே எடுக்கும்போதும் ஒரு கணம் திறந்தே இருக்கும். சீலிங் மூலையில், சுவிட்ச் பாக்ஸ் பக்கத்தில் கடைசி இரண்டு மூன்று அங்குலத்துக்கு மெஷின் எட்டாது, உளிதான். அதனால் எவ்வளவு நல்ல வாக்குவம் வைத்தாலும் முகத்தில் மாஸ்க் இருந்தே ஆக வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வதில் பிரயோசனமில்லை. என்95, அல்லது ஐஎஸ் 9473 முத்திரையோடு எஃப்எஃப்பி2 தரத்துக்குக் குறையாத மாஸ்க். தாடி வைத்திருந்தால் விளிம்பு ஒட்டாது. என் ஹெல்பர் தம்பி ஒருவனிடம் தாடியா வேலையா என்று கேட்டேன். தாடியோடு வேறு கான்ட்ராக்டரிடம் போய்விட்டான்.

இதே வரிசையில் கடைகளில் ஐந்து பிளேடு மெஷின் ஒன்று விற்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரே இழுப்பில் முழுக் குரூவும் வந்துவிடும், உளியே வேண்டாம். எனக்கும் ஆசை வந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். உளி வேண்டாம் என்றால் நடுவில் கட்டியாக விழ வேண்டிய 11 கிலோவிலும் பெரும்பகுதியை அது மாவாக அரைக்கிறது என்று அர்த்தம். இரண்டு கிலோவுக்குப் பதில் பத்துக் கிலோவுக்கு மேல். புதுக்கட்டடத்தில் வேகத்துக்காக வாங்கிக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பாதி பிளேடு, மீதி உளி

இது நான் பழகி வைத்திருக்கிற முறை. எம் வகுப்பு வாக்குவம் கைக்கு எட்டாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உள்பூச்சு பொதுவாக 12 முதல் 15 மிமீ. பிளேடு அந்தப் பூச்சைத் தாண்டாமல் ஆழத்தை வைத்துக்கொண்டு இரண்டு கோடு போடுகிறேன். அதற்குக் கீழே செங்கலை மெஷின் தொடுவதே இல்லை. பிளேடு வேலை பாதியானதால் தூளும் பாதி. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ. மிச்ச ஆழத்தை ரோட்டரி ஹேமரில் தட்டை உளி மாட்டி எடுத்துவிடுவேன். எங்கள் ஊரில் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் அதற்குப் பெயர் ஹில்டிதான். உளி செங்கலைச் சில்லு சில்லாக உடைக்கும். அதிலும் தூசி வரும், ஆனால் பிளேடு அளவுக்கு நுண்ணியதாக வராது. கட்டிகள் கீழே விரித்த சாக்கில் விழும்.

கோடே போடாமல் உளியை மட்டும் வைத்து உடைத்தால் இன்னும் தூசி குறையுமே என்று கேட்கலாம். குறையும். ஆனால் பூச்சு கன்னாபின்னாவென்று பெயரும். ஓர் அங்குல குரூவுக்கு நாலு அங்குலம் பெயர்ந்து, பக்கத்துப் பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்து, தட்டினால் பறை மாதிரி சத்தம் கேட்கும். பூச்சில் போட்ட அந்த இரண்டு கோடுதான் விரிசலை அங்கேயே தடுத்து நிறுத்துகிறது.

குறை உண்டு. ஏழு மீட்டருக்கு வால் சேசர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை, இது அரை நாள் இழுக்கும். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். நாலரைச் சுவரில் ஹில்டியை அழுத்திப் பிடித்தால் அடுத்த அறைச் சுவரில் விரிசல் ஓடும். அங்கே கை உளியும் இரண்டு பவுண்டு சுத்தியலும்தான் பத்திரம்.

ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல்) சுவர் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அது மென்மையான கல். கையால் இழுக்கிற குரூவ் சுரண்டி ஒன்று கிடைக்கிறது. கரண்டும் வேண்டாம், பிளேடும் வேண்டாம், குருணை குருணையாக உதிரும். கை வலிக்கும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் திரை வேண்டும்

தூசியைக் குறைத்தாலும் பிடித்தாலும் தப்பிப்பது கொஞ்சம் இருக்கும். அதை அந்த ஓர் அறைக்குள் அடைத்து வைப்பதற்குத்தான் திரை. பெயிண்ட் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கதவு நிலை முழுவதும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். பிரவுன் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். ஜன்னல் ஒன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக் காற்றை வெளிப்பக்கம் தள்ளினால், ஷீட் அறைக்குள்ளே பார்த்து வயிறு உள்வாங்கின மாதிரி நிற்கும். அப்படி நின்றால் காற்று வீட்டிலிருந்து அறைக்குள் வருகிறது, அறையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். வெளியே யார் வீட்டுத் துணி காய்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீரோ, கட்டிலை வேறு அறைக்குத் தள்ள முடியாவிட்டால் இடுக்குகளில் டேப் ஒட்டுங்கள். அறையில் ஏற்கெனவே ஏசி இருந்தால் அணைத்துவிட்டு உள்யூனிட்டை முழுக்கச் சுற்றிக் கட்ட வேண்டும். அதன் புளோயரில் சிமெண்ட் படிந்தால் சர்வீஸ் செய்தாலும் முழுசாகப் போகாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தொடக்கூடாது. இறங்கினதை மறுபடி ஏற்றிவிடுகிற வேலைதான் அது. கட்டியைக் கையால் அள்ளி, மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்து, திரையை மட்டும் மறுநாள் காலை வரை விட்டுவைக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது?

ஒரு பாயிண்ட், ஒன்றரை மீட்டருக்குள் வெட்டு என்றால் வால் சேசருக்கு வாடகை கொடுப்பது வீண். பூச்சுக்கோடும் உளியும் திரையும் போதும். ஐந்து மீட்டருக்கு மேல், ஆள் குடியிருக்கிறார்கள், அதிலும் குழந்தையோ வீசிங் உள்ளவரோ இருக்கிறார் என்றால் இரட்டை பிளேடும் எம் வகுப்பு வாக்குவமும் கேளுங்கள். எலக்ட்ரீஷியனிடம் இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கச் சொல்லி அந்தக் காசை நீங்கள் தனியாகக் கொடுங்கள். அதைக் கூலியில் கழித்தால் அவர் மறுபடி பழைய கட்டரோடுதான் வருவார். முழு வீடும் ரீவயரிங் என்றால் பத்து நாள் வேறு வீட்டுக்குப் போய்விடுவதுதான் மலிவு. தண்ணீர் வழியை வெளிச்சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே.கே. நகர் வீட்டில் தாத்தாவைக் காலையிலேயே மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய அறையின் நாலரை மீட்டரை வாடகை வால் சேசரில் வெட்டினேன். சின்ன அறையின் இரண்டரை மீட்டர் அலைப்பூச்சு. உறை ஒட்டவே இல்லை, அங்கே பூச்சுக்கோடும் உளியும்தான். ஏழு மீட்டர் முடிந்ததும் ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய அறையில் வெளிச்சக் கோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துகள் மினுங்கியது. சின்ன அறையில் மார்கழிக் காலைப் பனி மாதிரி நின்றது. வாக்குவம் என்ன செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. எக்ஸாஸ்ட்டை இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன்.

மறுநாள் காலை திரையைப் பிரித்தோம். அந்த அம்மா நேராகப் பீரோவைத் திறந்து, மேல் தட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் சுத்தம். "பரவாயில்லையே தம்பி" என்று காபி கொடுத்தார். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, சின்ன ரூம்ல ஃபேனைப் போட்டேன்..."

ஏசியைச் சுற்றினேன், பீரோவுக்கு டேப் ஒட்டினேன். ஃபேனை அணைத்ததோடு சரி, அதன் இறக்கைகளின் மேல்பக்கத்தை எட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஏணியும் ஈரத்துணியுமாகத் திரும்பப் போனேன்.